பழைய ஷேப்

என் வேலை போகப் போகிறது என்ற சேதியை, நான் ஓட்டிக்கொண்டிருந்த காருக்குள்ளேயே கேட்டேன். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இரண்டு பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றிருந்தோம். காலை எட்டரை மணி. பின்சீட்டில் டாக்டரம்மா உட்கார்ந்து யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டையோ பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூரில் இருக்கும் அவருடைய மகன் கூப்பிட்டான். அந்தக் காரில் போன் வந்தால் காரின் ஸ்பீக்கரில்தான் பேசும்.

"அம்மா, புது மாடல் வந்தாச்சு. நேத்து ஷோரூம்ல போய்ப் பாத்தேன். தானே பார்க் பண்ணும், தானே பிரேக் போடும், லேன் மாறினா ஸ்டியரிங்கைத் தானே திருப்பிக்கும். உன் வண்டியை எக்ஸ்சேஞ்ச் பண்ணிடு. இனிமே நீயே ஓட்டலாம். டிரைவரே வேண்டாம்."

"ஸ்பீக்கர்ல இருக்குடா" என்றார் டாக்டரம்மா.

உடனே மகன், "அண்ணா, நான் சும்மா பொதுவா சொன்னேன்" என்றான்.

"அதுக்கென்ன தம்பி" என்றேன் நான். முன்னால் இருந்த பஸ் நகர்ந்தது. நானும் நகர்த்தினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பின்சீட்டில் ரிப்போர்ட்டின் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரே பக்கத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் அதைப் பத்தி இன்னும் யோசிக்கவே இல்லை. யோசிச்சா உங்ககிட்டேயே நேராச் சொல்றேன். சரியா?"

"சரிம்மா."

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். இருபத்திரண்டு வயதில் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டிக்கு லோடு வண்டி ஓட்ட வந்தேன். அப்புறம் சில வருஷம் டாக்ஸி. டாக்டரம்மாவிடம் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவர் பிரசவ டாக்டர். ஸ்ரீவராகத்தில் அக்ரஹாரத் தெரு முனையில் அவருடைய வீடு. கணவர் இல்லை. மகன் ஒருவன்தான். நான் வருவதற்கு முன் அவரே கார் ஓட்டிக்கொண்டிருந்தவர். வலது தோள் இறுகிப்போய் கையைத் தூக்க முடியாமல் ஆனபோது, "தோள் சரியாகற வரைக்கும், ஒரு ஆறு மாசம்" என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார். தோள் ஒரு வருஷத்தில் சரியாகிவிட்டது. நான் மட்டும் தொடர்ந்தேன். ஆக, என் வேலைக்கு ஆரம்பத்திலிருந்தே காலாவதித் தேதி உண்டு. அதை நான் மறந்துவிட்டிருந்தேன்.

முதல் மூன்று வருஷம் ஒரு சின்னக் கார். பிறகுதான் இந்த ஜெர்மன் கார் வந்தது. கறுப்பு. உட்கார்ந்து கதவைச் சாத்தினால் கிழக்கேகோட்டையின் மொத்த இரைச்சலும் வெளியே நின்றுவிடும். புதிதாக வாங்கிய நாளிலிருந்து ஆறு வருஷம் அதை நான் ஒருவன்தான் ஓட்டினேன். ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டு கேட்டுக்குள் அதைப் பின்னால் எடுத்து விடுவது ஒரு வித்தை; இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம்தான் இருக்கும். தினமும் விட்டேன். கேட்டில் உரசி ஒரு கீறல் விழுந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து, சொன்னபடியே, நேராகச் சொன்னார். வீட்டு முன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். மேஜைமேல் புது மாடலின் வழுவழுப்பான புத்தகம் இருந்தது.

"போன்ல விசாரிச்சேன். நம்ம வண்டிக்கு இருபத்திரண்டு லட்சம் வரைக்கும் போடறேங்கறா. நேர்ல காட்டினா உறுதியாச் சொல்வாளாம்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குத் திரும்ப ஓட்டணும்னு ஆசையா இருக்கு. எங்கே போகணும்னாலும் இன்னொருத்தர் நேரத்தைப் பாத்துண்டே போயிட்டேன் இத்தனை நாள். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"இல்லம்மா. நியாயந்தானே."

"வஞ்சியூர்ல எனக்குத் தெரிஞ்ச கண் டாக்டர் ஒருத்தர் இருக்கார். அவருக்கு டிரைவர் வேணுமாம். உங்களைப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன். சம்பளம் இவ்வளவு வராது. இருந்தாலும் கையில ஒரு வேலை இருக்கும்."

புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முன்விளக்கு எப்படி மெலிந்திருக்கிறது, உள்ளே கண்ணாடித் திரை எப்படி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீள்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அறுபத்தொரு வயசுக்காரர் புதுச் சைக்கிள் வாங்கப்போகிற பெண்பிள்ளை மாதிரி பேசினார். எனக்குக் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் புது மாடலின் அகலம் போட்டிருந்தது. பழையதைவிட அதிகம். சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடையில் ஒரு டேப் வாங்கி வந்து, டாக்டரம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் கேட்டை அளந்தேன். உள்ளே நுழையாது என்று வந்தால் சொல்லிவிடலாமே என்று ஒரு நப்பாசை. பக்கக் கண்ணாடிகளை மடக்கினால் நுழையும். இரண்டாவது தடவையும் அளந்தேன். அப்போதும் நுழைந்தது. டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மனைவி சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேலையை மடிப்பதுபோலவே அவள் எந்த விஷயத்தையும் ஓரம் சேர்த்து மடித்துத்தான் பார்ப்பாள்.

"இருபத்திரண்டு எதுக்குக் குடுக்கான்?"

"வண்டி நல்ல கண்டிஷன்ல இருக்கு. அதான்."

"நல்ல கண்டிஷன்ல வச்சிருந்தது யாரு?"

"நான்தான்."

"அப்பம் நீங்க நல்லா வச்சிருந்ததாலதான் அது விக்கப் போகுது. கேவலமா வச்சிருந்தா வேலை நிலைச்சிருக்கும். நல்ல நியாயந்தான் போங்க" என்றாள். பிறகு, அதைச் சொன்னது பிடிக்காதவள் மாதிரி, "வஞ்சியூரு கண் டாக்டரு எவ்வளவு தருவாராம்?" என்று கேட்டாள். சொன்னேன். எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

காரைக் காட்டுவதற்கு ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருந்தார் டாக்டரம்மா. அன்று விடியற்காலையிலேயே எழுந்து காரைக் கழுவினேன். ஒவ்வொரு சக்கரத்தையும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். எதற்காகத் தேய்க்கிறேன் என்று தெரிந்துகொண்டேதான் தேய்த்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேர வேலை, அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று இறங்கியவர், பன்னிரண்டு மணி ஆகியும் வரவில்லை. ஒரு மணிக்கு போன் செய்தார். இரட்டைக் குழந்தை, எதிர்பார்த்ததற்கு மூன்று வாரம் முன்னாலேயே வலி வந்துவிட்டது, இன்றைக்கு முடியாது. மூன்று மணிக்குக் களைத்துப்போய் வந்து ஏறினார். "ரெண்டும் பொண்ணு. நன்னா இருக்கா" என்றார்.

அடுத்த வாரம் அவருக்குக் கொச்சியில் டாக்டர்கள் கூட்டம். அதற்கடுத்த வாரம் காய்ச்சல். இப்படியே ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்த ஒரு மாதத்தில் புது மாடல் திருவனந்தபுரத்து ரோடுகளில் தென்பட ஆரம்பித்தது. முதலில் கவடியாரில் ஒன்றைப் பார்த்தேன், வெள்ளை. பிறகு பட்டம் சிக்னலில் என் பக்கத்திலேயே ஒன்று வந்து நின்றது. புத்தகத்தில் பார்த்ததைவிட நேரில் நன்றாகவே இருந்தது. டாக்டரம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். சிக்னல் மாறியபின் நான் கொஞ்சம் வேகமாகவே எடுத்துவிட்டேன் போல. "மெதுவாப் போங்கோ" என்றார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை போனோம். ஈஞ்சக்கல் தாண்டி பைபாஸில் அந்தக் கம்பெனியின் பழைய கார் விற்கும் இடம். போகும் வழியெல்லாம் நான் மனதுக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். 'காலையில் முதலில் எடுக்கும்போது கியர் லேசாக உதைக்கும்' என்று சொல்வது. அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி கெட்டால் பெரிய செலவு என்று அந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தை போதும், விலை இறங்கிவிடும். டாக்டரம்மா சம்மதிக்கமாட்டார். காரில் ஒரு கோளாறும் இல்லாதது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக நின்ற கார்கள். எண்ணிப் பார்த்தேன். எங்கள் காரே ஏழு நின்றது. அதே மாடல், அதே முன்விளக்கு. அதில் நான்கு கறுப்பு. எங்கள் காரையும் கொண்டுபோய் அந்த வரிசையின் ஓரத்தில் நிறுத்தினேன். இறங்கித் திரும்பிப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிஷம் எது எங்களுடையது என்று தடுமாறியது.

டாக்டரம்மா ஏசி அறைக்குள் போனார். பக்கத்துக் காரின் அருகே என் வயதுக்காரர் ஒருவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றார். பைக்குள் காரிலிருந்து எடுத்த சாமான்கள்: துடைக்கிற துணி, குடை, ஒரு சாமி படம். நெடுமங்காட்டுக்காரர், ஒரு வக்கீலுக்கு எட்டு வருஷம் ஓட்டியவர். மலையாளத்தில் பேச ஆரம்பித்து, நான் தமிழன் என்று தெரிந்ததும் இரண்டையும் கலந்துகொண்டார்.

"கொடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னு கொடுத்து. போன மாசம் வந்திருந்தா இருபதுக்கு மேல கிட்டுமாயிருந்து. எல்லாரும் ஒந்நிச்சு வந்தப்போ விலை தாழ்ந்து. ஆழ்ச்சைக்கு ஆழ்ச்சை குறையுது." எல்லோரும் ஒன்றாகக் கொண்டுவந்ததால் வாரத்துக்கு வாரம் விலை குறைகிறது என்கிறார். "சாருக்குப் புதுசு வேணும், அதுனால விலை நோக்கலை. கொடுத்துட்டாரு."

"நீங்க?"

"புதுசை சாரோட மகள்தான் ஓட்டும்." பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "வேறே வேலை நோக்கணும்."

போன மாதம் என்று அவர் சொன்னபோது எனக்கு அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று அந்தப் பிரசவம் வராமல் இருந்திருந்தால், இவரைப்போல நானும் ஒரு பிளாஸ்டிக் பையோடு இங்கே நின்றிருப்பேன்.

அப்போது காரை மதிப்புப் போடுகிற இளைஞன் வந்தான். கம்பெனி சட்டை, கையில் டேப்லெட், பெயிண்ட்டின் கனத்தை அளக்கிற சின்னக் கருவி. மரியாதைக்காரன். "ஒரேயாள் ஓடிச்ச வண்டியானோ சேட்டா?" என்று கேட்டான்.

"ஆமா. ஆறு வருஷமும் நான் ஒருத்தன்தான்."

கருவியைக் கதவு கதவாக வைத்துக்கொண்டே போனான். பின்பக்க இடது கதவில் வைப்பதற்கு முன் நானே சொன்னேன்: கிழக்கேகோட்டையில் ஒரு பஸ் உரசியது, மூன்று வருஷம் முன்பு, கம்பெனி ஒர்க்ஷாப்பிலேயே பெயிண்ட் அடித்தது, பில் இருக்கிறது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். "சாதாரணமா யாரும் பறையாறில்ல" என்றான். யாரும் இதைச் சொல்வதில்லை என்று அர்த்தம்.

பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினான். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். இதுதான் நான் தயார் செய்து வைத்திருந்த இடம். அவனும் கேட்டான்: "கியர் எப்படி? உதை ஏதாவது?"

வாயைத் திறந்தேன். அவன் தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தான். இன்ஜினின் சத்தம் ஒரே சீராக, தண்ணீர் நிறைவதுபோலக் கேட்டது. அந்தச் சத்தத்தை ஆறு வருஷம் அப்படியே வைத்திருந்தது நான். அதைக் கேட்கத் தெரிந்த ஒருவன் முதல் தடவையாக எனக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கிறான்.

"உதையா? வெண்ணெய் மாதிரி மாறும். ஆயில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாத்தினேன். ஓட்டிப் பாருங்க" என்றேன்.

சொன்னபிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. சர்வீஸ் பில்களை வரிசைப்படுத்தி வைத்த ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். ஸ்டெப்னி இதுவரை ரோட்டைத் தொட்டதில்லை என்று டிக்கியைத் திறந்து காட்டினேன். மழைக்காலத்தில் கதவு ரப்பர்களுக்கு என்ன தடவுவேன் என்றுகூடச் சொன்னேன். நெடுமங்காட்டுக்காரர் தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலைக்கு நானே குழி வெட்டுகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று அப்போது கொஞ்சம் இறங்கியதையும் சொல்ல வேண்டும். போகிறதென்றால் நல்ல பெயரோடு போகட்டும் என்று தோன்றியது.

டாக்டரம்மா கண்ணாடிக் கதவைத் திறந்து கையைக் காட்டினார். "நீங்களும் உள்ள வாங்கோ. வண்டியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

உள்ளே போய் ஓர நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த இளைஞன் டேப்லெட்டில் ஏதோ தட்டினான். இன்னொரு அறைக்குப் போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தான். நல்ல சேதி சொல்கிறவர்கள் முதலில் தண்ணீர் வைப்பதில்லை.

"பதினாலரை லட்சம், மேடம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "போன மாசம் போன்ல இருபத்திரண்டுன்னேள்."

"அது புது மாடல் இங்க ரோட்டுல இறங்கறதுக்கு முன்பு, மேடம்."

"இந்த ஒரு மாசத்துல என் வண்டிக்கு என்ன வியாதி வந்தது?"

"ஒன்னுமில்ல மேடம். நான் இந்த மாசம் கண்டதுல ஏற்றவும் நல்ல வண்டி இதுதான். சேட்டன் பொன்னு போல நோக்கியிருக்கார்." என் பக்கம் தலையை ஆட்டினான். "பட்சே, பழைய ஷேப் ஆயிப்போயி." ஆனால் பழைய வடிவம் ஆகிவிட்டது என்கிறான்.

அவன் விளக்கிச் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். சின்னக் கார் வாங்குகிறவன் அது எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று பார்க்கிறான். புது மாடல் வந்தாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது. இந்த மாதிரி கார் வாங்குகிறவன் சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவன் என்ன நினைப்பான் என்று பார்க்கிறான். முன்விளக்கு மாறிவிட்டால், இது பழையது என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால்தான் விலை இறங்குகிறது. போதாததற்கு, புதிது வாங்குகிறவர்கள் எல்லோரும் பழையதை ஒரே நேரத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள். வெளியே ஏழு நிற்கிறது. இன்னும் வரும்.

டாக்டரம்மா சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. "ஷேப் போனா விலை போயிடுமா? அப்படின்னா என்னை எப்பவோ மாத்தியிருக்கணும்" என்றார். அந்த இளைஞனுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

பிறகு, நோயாளியிடம் கேட்பது மாதிரி நிதானமாகக் கேட்டார். "சரி. இப்ப நான் புதுசு வாங்கறேன்னு வச்சுக்கோங்கோ. அது எப்பப் பழைய ஷேப் ஆகும்?"

"ஆறு, ஏழு வருஷம் மேடம். இடையில சின்ன மாற்றம் வரும். அப்பவும் கொஞ்சம் குறையும்."

"அப்ப அதுக்கும் இதே கதி."

அவன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தான். நல்ல பையன், பொய் சொல்ல வரவில்லை.

"எனக்கு ஒரு சிநேகிதி இருக்கா. பால் பாத்திரம் வாங்கினாலும் மூணு கடை ஏறுவா. அவகிட்ட இதைப் போய்ச் சொன்னா என்னைப் பைத்தியம்பா." எழுந்தார். "இதுல ஒரு கோளாறும் இல்லைன்னு நீங்களே சொல்றேள். கோளாறு இல்லாததை நான் ஏன் இந்த விலைக்குத் தள்ளணும்? இது ஓடற வரைக்கும் ஓடட்டும். உங்க புது மாடல் பழசாகட்டும், அப்ப வந்து அதைப் பாதி விலைக்கு வாங்கிக்கறேன்."

"அம்மா..." என்றேன். எதற்காகக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

"வாங்கோ, போலாம். பசிக்கறது."

வெளியே வந்ததும் முகம் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு, காரைக் கழுவும் இடத்தில் இருந்த குழாயடிக்குப் போனேன். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டே நின்றேன். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. என் பொய் இல்லாமலேயே விலை இறங்கியிருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால், பிறகு எத்தனை வருஷம் அந்தக் காரை ஓட்டியிருந்தாலும் ஒவ்வொரு தடவை கியர் மாறும்போதும் எனக்கு அது ஞாபகம் வந்திருக்கும். வேலை நிலைத்ததைவிட அந்தப் பொய்யிலிருந்து தப்பியதுதான் அந்த நிமிஷத்தில் பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அப்போது இரண்டும் சேர்ந்துதான் என்னைக் குழாயடிக்கு அனுப்பியிருக்கும்.

திரும்பி வரும்போது நெடுமங்காட்டுக்காரர் இன்னும் அங்கேயே நின்றார். வக்கீல் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "ரட்சப்பட்டு, அல்லே?" என்றார். தப்பித்துவிட்டேன் இல்லையா என்று கேட்கிறார். அதில் பொறாமை இல்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன்.

காரை எடுத்து பைபாஸில் ஏறியதும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அந்த வஞ்சியூர் கண் டாக்டர் எனக்குன்னு வச்சிருக்கிற வேலை..."

"ஆமா, அதை வேண்டாம்னு சொல்லணும்."

"வேண்டாம்னு சொல்லாண்டாம்மா. ஒரு ஆளு இருக்கு. எட்டு வருஷம் ஒரே வக்கீலுக்கு ஓட்டினவர். வண்டியை அங்கதான் பாத்தேன், நல்லா வச்சிருக்கார்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வரிசையில் பக்கத்தில் நின்ற காரையும், அருகே பையோடு நின்றவரையும் அவரும் கவனித்திருந்தார் போலிருக்கிறது. "நம்பரைக் குடுங்கோ" என்றார். அன்றே பேசினார். அடுத்த வாரம் நெடுமங்காட்டுக்காரர் அங்கே சேர்ந்துவிட்டார். சம்பளம் முன்பைவிடக் குறைவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு என்று போனில் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போகும் வழியிலேயே மகன் கூப்பிட்டான், ஸ்பீக்கரில்தான். "என்னம்மா ஆச்சு? எவ்வளவு?"

"பதினாலரை."

"அநியாயம்! நான் இங்க விசாரிக்கறேன். பெங்களூர்ல கூடக் கிடைக்கும்."

"வேண்டாம்டா. நான் விக்கப் போறதில்லை. டிரைவர் அண்ணா பக்கத்துல இருக்கார், பேசறயா?"

"பக்கத்துல இல்லம்மா, முன்னால இருக்கேன்" என்றேன். அவன் சிரித்தான். அன்றைக்குப் பிறகு எங்களுக்குள் இருந்த சங்கடம் கொஞ்சம் தீர்ந்தது.

அன்று டாக்டரம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேராகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். மனைவி கடையில் ஒரு வாடிக்கையாளருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. நான் தலையை அசைத்தேன். அவளுக்கு அது எப்படிப் புரிந்ததோ, வாடிக்கையாளரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"வித்தாச்சா?"

"விலை கம்மியாச் சொன்னான். விக்கல்ல."

"ஏன் கம்மி?"

"பழைய ஷேப்பாம்."

"ஷேப்பா?" என்றாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு பக்கமாகத் துடைத்தாள். "எப்படியோ. சாயங்காலம் வரும்போது கொஞ்சம் மீன் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு விஷயம் மட்டும் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு ஓட்ட ஆசை. அந்த ஆசை நிறைவேறாமல் போனதில்தான் என் சோறு இருக்கிறது. ஒரு நாள் துணிந்து சொன்னேன். "அம்மா, ஞாயித்துக்கிழமை காலையில ரோட்டுல கூட்டம் இருக்காது. நீங்களே ஓட்டுங்க. இதே வண்டியில. நான் பக்கத்துல இருக்கேன்."

"தோள் தாங்குமா?"

"டாக்டரு நீங்களா நானா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவராகத்திலிருந்து சங்குமுகம் வரை அவர் ஓட்டினார். கேட்டிலிருந்து வெளியே எடுத்தது மட்டும் நான். பிறகு இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தேன். ஆறு வருஷத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. காலை நீட்ட அவ்வளவு இடம் இருக்கும் என்று தெரியாது. முதல் பத்து நிமிஷம் என் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் கவனித்துவிட்டார். "நீங்க கண்ணை மூடிக்கோங்கோ, எனக்கு பயமா இருக்கு" என்றார். கடற்கரையில் நிறுத்திவிட்டுக் காப்பி குடித்தோம். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறோம். என்னைவிடத் தைரியமாக ஓவர்டேக் செய்கிறார்.

ஒரு மாதம் கழித்து, "டயர் எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். இன்னும் ஒரு நாலாயிரம் கிலோமீட்டர் போகும் என்றேன். "மழைக்கு முன்னால மாத்திடுங்கோ. நாலும்" என்றார். விற்கப்போகிற காருக்கு யாரும் நான்கு டயர் புதிதாகப் போடமாட்டார்கள். அதை அவர் யோசித்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. எனக்கு வேலை உறுதிக் கடிதம் கையில் கிடைத்த மாதிரி இருந்தது.

கரமனையில் டயர் கடைக்குக் கொண்டுபோய் விட்டேன். கார் மேலே ஏறியது. ஒவ்வொரு சக்கரமாகக் கழன்றது. கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. ரப்பர் வாசனை, காற்றுக் குழாயின் சீறல். இத்தனை மாதமாகச் சரியாகத் தூங்காதவன், நாற்காலியில் சாய்ந்ததுதான் தெரியும். கடைக்காரர் வந்து தோளைத் தட்டி, "வண்டி ரெடியாயி சேட்டா, ஒரு மணிக்கூர் ஆச்சு" என்று எழுப்பும்வரை நான் தூங்கிப்போயிருந்தேன்.